கூந்தல் செழிக்க அரப்பும் முருங்கையும்

சென்ற கார்த்திகையில் கொங்குப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் பருத்திப் பயிர்ப் பாதுகாப்புக் கூட்டம் நடந்தது. காய்ப்புழுவைப் பற்றியும் வெள்ளை ஈயைப் பற்றியும் இரண்டு மணி நேரம் பேசி முடித்தோம். ஆண்கள் தேநீர் அருந்த எழுந்து போன பிறகும் பின்வரிசையில் ஏழெட்டுப் பெண்கள் எழாமல் உட்கார்ந்திருந்தனர். அருகில் போய் என்னவென்று கேட்டேன். "பயிருக்கெல்லாம் மருந்து சொல்றீங்க, எங்க தலைக்கு ஒண்ணு சொல்லுங்கம்மா" என்றார் ஒருவர். அவருக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதாம். இன்னொருவர் சந்தையில் 600 ரூபாய் கொடுத்து மூலிகை எண்ணெய் வாங்கி மூன்று மாதமாகத் தேய்த்தும் பலனில்லை என்றார். பள்ளிக்குப் போகும் பெண் குழந்தையை மடியில் வைத்திருந்த ஓர் இளம் தாய் கடைசியாகக் கேட்டார்: "ஏனுங்கம்மா, பருத்திக்கு அடிக்கற மருந்துல ரெண்டு சொட்டு எண்ணெயோட கலந்து தேச்சா பேன் போயிருமுங்களா? பக்கத்து வீட்டுல சொல்றாங்க."

அன்று கூட்டத்தில் எழுந்த எல்லாக் கேள்விகளிலும் அவசரமானது இதுதான். எனவே முதலில் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

பேனுக்குப் பயிர் மருந்தா?

கூடாது. ஒரு சொட்டும் கூடாது. பேன் சாகலாம், குழந்தையும் சாகக்கூடும்.

பருத்திக்கும் காய்கறிக்கும் தெளிக்கும் பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் வாய் வழியாகத்தான் உள்ளே போகும் என்று பலர் நினைக்கிறார்கள். தோல் வழியாகவும் அவை உடலுக்குள் போகின்றன. அதிலும் தலைத்தோல் மிக எளிதாக உறிஞ்சும் இடம். பாரத்தியான் என்ற மருந்தை மனிதர்களின் தோலில் தடவி 1971-ல் வெளியிடப்பட்ட ஆய்வில், முன்கையைக் காட்டிலும் தலைத்தோல் ஏறத்தாழ நான்கு மடங்கு மருந்தை உறிஞ்சியது தெரிய வந்தது. பேன் கடித்துச் சொறிந்த தலையில் சிறு புண்கள் இருக்கும். அதன் மேல் எண்ணெயில் கலந்து தேய்த்து, கொண்டை போட்டு, துணியால் கட்டியும் வைத்தால் மருந்து போவதற்கு நாமே வாய்க்கால் வெட்டிக் கொடுத்தது போல ஆகும். வளர்ந்த ஆளை மயக்கமுறச் செய்யும் அளவு, 15 கிலோ எடையுள்ள குழந்தையின் உயிரையே எடுத்துவிடும்.

"மருத்துவர் தரும் பேன் மருந்தும் பூச்சிமருந்துதானே?" என்று படித்த இளைஞர் ஒருவர் என்னிடம் வாதாடியதுண்டு. பெர்மெத்ரின் என்ற மருந்து இரண்டு இடங்களிலும் இருப்பது உண்மைதான். ஆனால் மருந்துக் கடையில் கிடைப்பது தலைக்கென்றே தயாரித்த, நூற்றுக்கு ஒரு பங்கு வலுவுள்ள திரவம். பயிருக்கான புட்டியில் வலு பல மடங்கு இருக்கும். தோலை ஊடுருவும் கரைப்பான்களும் அதில் இருக்கும். எந்தப் பயிருக்கு, என்ன அளவு என்று புட்டியின் சீட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். அதில் தலை என்று எங்கும் இல்லை.

பெரியவர்கள் சிலர் "அந்தக் காலத்தில் டி.டி.டி. தூவவில்லையா?" என்று கேட்பார்கள். தூவினார்கள். 1943-44-ல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில், உடைப் பேனால் பரவிய டைபஸ் காய்ச்சலை டி.டி.டி. தூள் தூவித்தான் அடக்கினார்கள். அது உலர்ந்த தூள். தோல் வழியே அதிகம் போகாதது. அதன் கேடுகள் பின்னால்தான் தெரிந்தன. நம் நாட்டில் 1989-ல் வேளாண்மைக்கு அது தடை செய்யப்பட்டது. அந்தத் தூளைத் தூவிய பழக்கத்தை வைத்துக்கொண்டு இன்றைய திரவ மருந்தைத் தலையில் தேய்ப்பது மிகப் பெரிய தவறு.

சீத்தாப்பழ விதையை அரைத்துத் தேய்க்கும் கைவைத்தியமும் நம் ஊர்களில் உண்டு. அதைச் செடியிலிருந்து வந்ததுதானே என்று எண்ண வேண்டாம். அந்த விதைத் தூளோ சாறோ கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். கடும் வலியும் பார்வைக் கோளாறும் வரும். இப்படிக் கண் மருத்துவமனைக்கு வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பேனை ஒழிக்கச் சிக்கனமான வழி, பல் நெருங்கிய பேன் சீப்புதான். தலைக்குத் தேங்காய் எண்ணெய் நிறையத் தடவி, முடியைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, அடியிலிருந்து நுனி வரை வாரவும். ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்கவும். ஈர் 7 முதல் 10 நாட்களில் பொரிக்கும். பொரித்த குஞ்சு மேலும் 10 நாட்களில் தானே ஈரிடத் தொடங்கிவிடும். ஆகவே ஒரு நாள் வாரிவிட்டு நிறுத்தினால் பயனில்லை. மூன்று நாட்களுக்கு ஒரு முறை வீதம் மூன்று வாரம் விடாமல் வார வேண்டும். வீட்டிலுள்ள அனைவர் தலையையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும்; பக்கத்து வயலில் புழு இருக்கும்போது நம் வயலுக்கு மட்டும் மருந்தடித்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மருந்து வேண்டும் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, தலைக்குரிய மருந்தையே வாங்கவும். அதையும் 7 முதல் 10 நாட்கள் கழித்து மறுமுறை போட வேண்டும்.

யாராவது அறியாமல் பயிர் மருந்தைத் தேய்த்துவிட்டால், நேரம் கடத்தாமல் உடையைக் களைந்து, சோப்புப் போட்டு ஏராளமான நீரில் தலையையும் உடலையும் கழுவவும். கழுவுபவர் கையுறையோ பாலிதீன் பையோ கையில் மாட்டிக்கொள்ளவும். எச்சில் ஒழுகுதல், வியர்வை, வாந்தி, கண்பாவை சுருங்குதல், மூச்சுத் திணறல் ஆகியவை நஞ்சேறியதன் அறிகுறிகள். இவை தோன்றும் வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழைத்து, மருந்துப் புட்டியையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவும். புட்டியைப் பார்த்தால்தான் என்ன மாற்று மருந்து என்று மருத்துவர் உடனே முடிவு செய்ய முடியும்.

முடி எப்படி வளர்கிறது?

அடுத்து எண்ணெய்ப் பேச்சு. 600 ரூபாய் எண்ணெய் ஏன் பலன் தரவில்லை என்பதற்கு முடியின் இயல்பு தெரிய வேண்டும்.

நம் கண்ணுக்குத் தெரியும் முடி உயிரற்ற பொருள். உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில் வேரில் மட்டுமே இருக்கிறது. செடி நுனியில் வளரும். முடி அருகம்புல் தாளைப் போல அடியிலிருந்து வளர்ந்து வெளியே தள்ளப்படும். பருத்தியிலும் சாமந்தியிலும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கிறது. அதைப் பார்த்துப் பழகியதாலோ என்னவோ, நுனியைக் கத்தரித்தால் முடி வேகமாக வளரும் என்ற நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. கத்தரித்தால் பிளந்த நுனி போகும், பார்வைக்கு நன்றாக இருக்கும், அவ்வளவே. வேருக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது.

ஒரு மாதத்தில் முடி வளர்வது ஏறத்தாழ அரை அங்குலம். ஆண்டுக்கு அரையடி. ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை தொடர்ந்து வளரும். பிறகு ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்வெடுத்து உதிரும். அதே குழியிலிருந்து புதுமுடி முளைக்கும். மூன்று ஆண்டு வளரும் தன்மையுள்ளவருக்கு ஒன்றரை அடிக் கூந்தல். ஆறு ஆண்டு வளருபவருக்கு மூன்றடி. இந்த வயதைப் பெரும்பாலும் நம் பெற்றோரும் பாட்டிமாரும் தீர்மானித்துவிடுகிறார்கள். குட்டை ரக நெல்லுக்கு எவ்வளவு உரமிட்டாலும் அது ஆளுயரம் வளராது. ஆகவே "ஒரே மாதத்தில் முழங்கால் வரை" என்று விற்பவரிடம் நீங்கள் கணக்குப் போட்டுக் காட்டலாம்.

தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள்ளன. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. அதற்குக் கவலை வேண்டாம். கொத்துக் கொத்தாகக் கொட்டினால், இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் உடம்பில் என்ன நடந்தது என்று எண்ணிப் பார்க்கவும். டைபாய்டு, டெங்கு போன்ற கடுங்காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி ஆகியவற்றால் வளர்ந்துகொண்டிருந்த முடிகள் பெருமளவில் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அவை உதிர்வது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான். அதற்குள் நாம் காய்ச்சலை மறந்துவிட்டு, அந்த வாரம் மாற்றிய சோப்பைக் குறை சொல்கிறோம். கொரோனா தொற்றுக்குப் பின் 2020, 2021 ஆண்டுகளில் பலருக்கு இப்படித்தான் கொட்டியது. இவ்வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் தானே சரியாகும். இடையில் யார் எந்த எண்ணெயைத் தேய்த்தார்களோ அந்த எண்ணெய்க்குப் பெயர் கிடைத்துவிடும்! வட்ட வட்டமாகச் சொட்டை விழுதல், தலைத்தோலில் சீழ், உதிர்வுடன் உடல் பருத்துச் சோர்வடைதல் ஆகியவற்றுக்கு மருத்துவரையே பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது தைராய்டு கோளாறாக இருக்கலாம்.

தட்டில் தொடங்கும் வளர்ப்பு

காட்டுப்பன்றியை விரட்ட முடிதிருத்தும் கடையிலிருந்து முடியை வாங்கி வந்து வரப்போரம் போடும் விவசாயிகள் உண்டு. அந்த முடியில் ஏறத்தாழ 15 சதம் தழைச்சத்து இருக்கிறது. தொழுவுரத்தில் அரை சதமே. காரணம், முடி முழுக்க முழுக்கப் புரதம். அதுவும் கந்தகம் மிகுந்த புரதம். இவ்வளவு தழைச்சத்தும் கந்தகமும் கொண்ட ஒரு விளைச்சலை நம் உடல் நாள்தோறும் எடுக்கிறது. உள்ளே போகும் உணவில் புரதம் இல்லாவிட்டால் உடல் முதலில் கைவிடுவது முடியைத்தான். இதயத்தையும் ஈரலையும் அது பட்டினி போடாது.

வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 45 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. நூறு கிராம் பருப்பில் 20 கிராமுக்கு மேல் கிடைக்கும். கொள்ளு, பச்சைப்பயறு, நிலக்கடலை எல்லாம் நாமே விளைவிப்பவை. விளைவித்து, நல்லதைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் ரசமும் ஊறுகாயும் வைத்துச் சாப்பிடுகிறோம். அதிலும் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சட்டியைத் துடைத்துச் சாப்பிடுகிறவர் வீட்டுப் பெண். அன்று முடி கொட்டுகிறது என்று சொன்ன அம்மையாரிடம் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். இரண்டு டம்ளர் டீ என்றார். மதியம்? பழைய சோறு, பிறகு இன்னொரு டீ.

அந்த டீயை நான் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இரும்புச்சத்துக் குறைந்தால் மூச்சு வாங்கும், களைப்பு வரும், முடியும் உதிரும். சாப்பாட்டுடன் டீ குடித்தால் உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்க விடாமல் அது தடுக்கிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கவும். மாறாக நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா இவற்றில் ஒன்று உணவுடன் சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும். முருங்கைக்கீரைப் பொரியலில் நிலக்கடலைப் பொடி தூவி, இறக்கிய பின் அரை மூடி எலுமிச்சை பிழிந்து உண்ணவும். ஒரே பொரியலில் எல்லாம் அமைந்துவிடுகிறது.

இரத்தசோகைக்கு வயலிலிருந்தே வரும் காரணம் ஒன்றும் உண்டு. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது கொக்கிப்புழுவின் இளம் புழுக்கள் பாதத் தோலைத் துளைத்து உள்ளே போய்க் குடலில் தங்கி இரத்தம் குடிக்கும். வயலில் மலம் கழிக்கும் வழக்கம் உள்ள இடங்களில் இது மிகுதி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பரிசோதித்து, அளவு 12 கிராமுக்குக் குறைந்தால் இரும்புச்சத்து மாத்திரையும், தேவையானால் புழுநீக்க மாத்திரையும் வாங்கி உண்ணவும். அந்த மாத்திரைகள் இலவசம். 600 ரூபாய் எண்ணெயை விட அவை செய்யும் வேலை அதிகம்.

அரப்பு, சீயக்காய், எண்ணெய்

இடுப்பு வரை முடி உள்ளவருக்கு அதன் நுனி ஐந்து ஆறு வயதானது. அத்தனை ஆண்டு வெயிலையும் சீப்பையும் சோப்பையும் தாங்கி வந்தது. வேர் வளர்த்துக் கொடுப்பதை ஒடியாமல் காப்பாற்றுவதுதான் நாம் வெளியில் செய்யக்கூடிய பராமரிப்பு. அதற்கு நம் நிலத்தில் விளைபவையே போதும்.

அரப்பு என்பது உசிலை மரத்தின் இலைத்தூள். உசிலம்பட்டி என்று ஊர்ப் பெயரிலேயே அந்த மரம் நிற்கிறது. மானாவாரிச் செம்மண்ணில், மற்ற மரங்கள் காயும் இடத்திலும் இது தழைக்கும், ஆடு மேயும், விறகாகும். விதைக்கு முலாம் பூச அரப்புத் தூளைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்திருக்கிறது; இயற்கை விவசாயிகள் அரப்பு மோர்க் கரைசல் தெளிக்கிறார்கள். வயலுக்குக் கொடுத்துவிட்டு, தலைக்குப் பாக்கெட் ஷாம்பு வாங்குகிறோம். கொழுந்தல்லாத முற்றிய இலையை உருவி, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்து, ஈரமில்லாத டப்பாவில் வைக்கவும். தேவையான போது சோறு வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்க்கலாம்.

இதில் நுரை தரும் பொருள் சப்போனின். சீயக்காயிலும் அதுவே. துணி சோப்பும் குளியல் சோப்பும் காரத்தன்மை உடையவை. அவை முடியின் மேல் செதில்களை எழுப்பிச் சொரசொரப்பாக்கும். ஆழ்குழாய் உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து, பிசுபிசுப்பாக முடியில் படியும். சீயக்காய்க் கரைசல் சற்று அமிலத்தன்மை கொண்டது. உப்புத் தண்ணீரிலும் இப்படித் திரிவதில்லை. ஒரு கிலோ சீயக்காய்க்குக் கால் கிலோ பச்சைப்பயறு, நூறு கிராம் வெந்தயம், உலர்ந்த எலுமிச்சைத் தோல் ஒரு கைப்பிடி சேர்த்து அரைத்தால் முடி வறளாது. கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும். எரிச்சலும் சிவப்பும் வரும். வாரம் இரண்டு முறை போதும். நாள்தோறும் புழுதியில் வேலை செய்பவர்கள் மற்ற நாட்களில் வெறும் நீரால் அலசலாம்.

எண்ணெய்களில் தேங்காய் எண்ணெய்க்குத் தனியிடம் உண்டு. முடியின் உள்ளே ஊடுருவி, கழுவும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று இந்திய ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்டனர். சூரியகாந்தி எண்ணெயும் தாது எண்ணெயும் அப்படிச் செய்யவில்லை. ஆகவே தலை குளிப்பதற்கு முந்திய இரவே தேங்காய் எண்ணெய் தடவுவது பொருளுள்ள பழக்கம். கரிசலாங்கண்ணி காய்ச்சிய எண்ணெய் எலிகளில் முடி வளர்ச்சியைத் தூண்டியது என்று ஆய்வுகள் உள்ளன. மனிதர் தலைக்கு அதே பலன் உண்டு என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இன்னும் சான்று இல்லை. தடவுவதில் கேடில்லை. ஆனால் நெல் வரப்பில் களையாக முளைத்திருப்பதைப் பறிக்க வேண்டாம். அங்கே களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் பட்டிருக்கும். குளியலறை நீர் ஓடும் இடத்தில் தனியாக வளர்க்கவும்.

செம்பருத்தி இலையும் ஊறிய வெந்தயமும் வழவழப்பைத் தந்து சிக்கைக் குறைக்கும். சோற்றுக்கற்றாழை மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலைக் கழுவிவிட்டே சோற்றை எடுக்கவும். அந்தப் பால் சிலருக்கு அரிக்கும். மருதாணி இலை முடியைச் செம்பட்டையாக்குமே தவிரக் கருப்பாக்காது. "கருப்பு மருதாணி" என்று விற்பதில் பெரும்பாலும் இரசாயனச் சாயம் கலந்திருக்கும். அதனால் தலைத்தோல் கொப்புளித்து முகம் வீங்கியவர்கள் உண்டு.

குளித்தபின் ஈரத் தலையைத் துண்டால் படபடவென்று அடித்து உலர்த்துவதை விட்டுவிடவும். ஈர முடி இழுபட்டு எளிதில் ஒடியும். துண்டில் ஒற்றி எடுத்து, உலர்ந்த பிறகு, நுனியிலிருந்து சிக்கெடுத்து மேலே வரவும். சுமை தூக்கும் பெண்களுக்கு உச்சியில் முடி தேய்ந்து போவதைப் பார்க்கிறேன். சும்மாட்டுக்குச் சாக்கைப் பயன்படுத்தாமல் வழவழப்பான பருத்தித் துணியைச் சுற்றவும். பின்னலை நெற்றி இழுபடும்படி இறுக்குவதாலும் முன்முடி கழியும். மல்லிகை பயிரிடுவோருக்கும் ஒரு சொல்: மொட்டுப்புழுவுக்கு மருந்தடித்த மறுநாளே பறிக்கும் பூ, யாரோ ஒரு பெண்ணின் தலையில்தான் ஏறுகிறது. பறித்து முடித்த பின் தெளித்து, சீட்டில் சொன்ன இடைவெளி விடவும்.

உசிலை விதை வனத்துறை நாற்றங்கால்களில் கேட்டுப் பார்க்கலாம். ஊரில் மரம் இருந்தால் காய் முற்றியதும் சேகரிக்கலாம். விதை ஓடு கடினமானது. கொதித்து இறக்கிய நீரில் இட்டு, அது ஆறும்வரை விட்டு, ஓரிரவு ஊறவைத்துப் பையில் விதைக்கவும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது வேலியோரத்தில் நடவும். சீயக்காய்க் கொடி முள் நிறைந்தது. அது ஏறிப் படர இடமுள்ள வேலிக்கே ஏற்றது.

தை அறுவடை வருகிறது. கதிரடிக்கும் இயந்திரம், தீவன வெட்டி, மோட்டார் பெல்ட் ஆகியவற்றின் அருகே வேலை செய்யும் பெண்கள் பின்னலைத் தொங்கவிடக் கூடாது. சுழலும் தண்டில் பின்னல் நுனி சிக்கினால் இயந்திரத்தை நிறுத்துவதற்குள் தலைத்தோலே உரிந்து போய்விடும். முடியைக் கொண்டையாக முடிந்து, அதன் மேல் துணியை இறுகக் கட்டி, முந்தானையைச் செருகிக்கொண்டு வேலைக்கு நிற்கவும். பெல்ட்டுக்கு மூடி இல்லாத இயந்திரமாக இருந்தால், மூடி போட்ட பிறகே வேலை தொடங்கும் என்று இயந்திரக்காரரிடம் நிலத்துக்காரர் சொல்லிவிடவேண்டும்.